ஏலக்காய் மணத்த என் அங்கி

என் வாழ்நாளில் நான் போன ஒரே வெளிநாட்டுப் பயணம் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு மைல். சிரிக்க வேண்டாம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மெட்டுக்கு இந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், அந்தப் பக்கம் திருவாங்கூர்-கொச்சி. போலீஸ்காரர் தொப்பி வேறு, பேச்சு வேறு, குடிக்கிற டீக்குப் பெயர்கூட வேறு. முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்து, மழையைப் பற்றிக் காதால் கேட்டே வளர்ந்த என்னைப் போன்றவனுக்கு அது கடல் தாண்டிய மாதிரிதான்.

எனக்கு அப்போது குருப்பட்டம் கிடைத்து எட்டு மாதம். ஏலமலையில் ஒரு தோட்டத்தில் நம் சபையார் முப்பது பேர் வேலை செய்தார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை எங்கள் மூத்த போதகர், பெரிய ஐயர், மலையேறிப் போய் அவர்களுக்குத் திருவிருந்து கொடுத்துவிட்டு வருவார். ஆண்டவர் நமக்காகப் பட்ட பாடுகளை நினைத்து அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொள்கிற ஆராதனை அது. அந்தத் தடவை பெரிய ஐயருக்குக் கால் யானைக்கால் மாதிரி வீங்கிவிட்டது. "நீ போயிட்டு வா" என்றார்.

போகும்போது ஒரு சுமையையும் சேர்த்து ஏற்றிவிட்டார். அங்கே சாமுவேல் என்று ஒரு மனுஷன். ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்குப் பொறுப்பாளர், நல்ல மனுஷன், ஆராதனை தவறமாட்டார். ஆனால் எட்டு வருஷமாகத் திருவிருந்து வாங்கவில்லை. அந்த நேரம் வந்ததும் "அடுப்பப் பாக்கணும்" என்று எழுந்து போய்விடுவார். காரணம் கேட்டால் "எனக்குத் தகுதி இல்ல" என்பதோடு சரி. இந்தத் தடவை அவர் மகள் எஸ்தருக்கு முதல் திருவிருந்து. தாயில்லாத பெண். அப்பா பக்கத்தில் முழங்கால் போட்டால்தான் தானும் போடுவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாளாம். "உன்னால முடியுதா பாரு" என்றார் பெரிய ஐயர்.

முடியாமல் என்ன? என் பையில் பன்னிரண்டு பக்கப் பிரசங்கம் இருந்தது. தேவனுக்கு முன்னால் நிற்க எந்த மனுஷனுக்கும் யோக்கியதை இல்லை, தன்னால் தன்னை மீட்டுக்கொள்ள யாராலும் ஆகாது, இயேசு ஒருவரே இரட்சகர் என்று பக்கத்துக்குப் பக்கம் நிரூபித்திருந்தேன். நிலைக்கண்ணாடி முன் நின்று மூன்று தடவை ஒத்திகையும் பார்த்தாயிற்று. நாலாம் தடவை என் மனைவி எட்டிப் பார்த்து, "மனுஷன் ஒன்னுக்கும் ஆகாதவன்னு சொல்றதுக்கு இவ்வளவு பெருமையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பெண்களுக்கு வேத சாஸ்திரம் புரியாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் போடியில் இறங்கினேன். பஸ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மடியில் இரண்டு சேவல்கள். அதில் ஒன்று உசிலம்பட்டியிலிருந்து என் முழங்கையையே குறிவைத்துக் கொத்திக்கொண்டு வந்தது. அந்த அம்மாள், "அது ஒன்னும் செய்யாது அப்பு" என்று வழியெல்லாம் ஆறுதல் சொன்னாள். போடி பஸ் ஸ்டாண்டில் கால் வைத்ததும் ஏலக்காய் வாசம் ஆளைத் தூக்கிற்று. எங்கள் ஊரில் ஏலக்காயைக் கல்யாணப் பாயசத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே மூட்டை தூக்குகிறவர் துண்டை உதறினால் மணக்கிறது.

தோட்டத்து முதலாளி ரெங்கசாமிக்குப் போடிதான் ஊர். பரம்பரை விவசாயக் குடும்பம், கீழே நெல் வயல், மேலே ஏலத்தோட்டம். சபை ஆராதனைக்குத் தோட்டத்தில் கொட்டகையை ஒழித்துக் கொடுப்பதும் அவர்தான். அன்று ராத்தங்கல் அவர் வீட்டில். நாட்டுக்கோழிக் குழம்பும் தோசையும் போட்டார்கள். எனக்கு எட்டாவது தோசை விழுந்தபோது முதலாளி, "பாதிரி ஐயா, மலையில கெழங்குதான் கெடைக்கும், இப்பவே கட்டிக்கங்க" என்றார். மறுக்கவில்லை. தான் சனிக்கிழமை மேலே வருவதாகவும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை முந்தலில், மலை ஏறுகிற இடத்தில், சோதனை. சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். போலீஸ்காரர் என் பையைத் திறந்தார். அங்கி, அப்பப் பெட்டி, பிரசங்கம், அதற்கடியில் திராட்சரசப் புட்டி. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அனுமதிச் சீட்டை எடுத்து நீட்டினேன். இரண்டு தடவை வாசித்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு அடுத்த காவலரைக் கூப்பிட்டு, "எல்லாவனும் மேலயிருந்து கீழ கொண்டாருவான், இவரு கீழயிருந்து மேல கொண்டு போறாரய்யா" என்று காட்டினார். சுற்றி நின்ற கூலியாட்கள் எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

நான் ஏறிப்போன லாரி நாலாவது வளைவில் உயிரை விட்டது. டிரைவர் இறங்கி முன்சக்கரத்தை ஓர் உதை உதைத்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊர் டிரைவர்கள் வண்டி நின்றால் முதலில் பயணிகளைத் திட்டுவார்கள். இவர் மரியாதைக்காரர்.

அரிசி மூட்டை ஏற்றிய கழுதைகளோடு சுருளி என்பவர் குறுக்குப் பாதையில் போய்க்கொண்டிருந்தார். என் பையையும் ஒரு கழுதை மேல் வைத்துக் கட்டினார். ஆண்டவரே கழுதை மேல் போனவர்தானே என்று எனக்கும் ஒரு திருப்தி. மழை பிடித்துக்கொண்டது. பாதி தூரத்தில் காலில் என்னவோ ஊறுகிறதே என்று வேட்டியைத் தூக்கினால் ஏழு அட்டைகள். சுருளி புகையிலையை எச்சில்படுத்தி அவற்றின் மேல் தடவி, "ஐயா ரத்தம் இனிப்பு போல" என்றார். அடுத்த ஓடையைத் தாண்டும்போது என் கழுதைக்கு என்ன தோன்றிற்றோ, நடுத் தண்ணீரில் சாவகாசமாக உட்கார்ந்தது. புட்டி தப்பியது, அப்பப் பெட்டி தப்பியது. அங்கியும் பிரசங்கமும் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றன.

எல்லைக் காவலர் மலையாளத்தில் என்னவோ கேட்டார். நான் யார் என்று கேட்கிறார் என்றார் சுருளி. போதகர் என்றேன். தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு அவர் சொன்னதைச் சுருளி சிரிக்காமல் மொழிபெயர்த்தார்: "பாக்குறதுக்கு அப்படித் தெரியலியே."

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு இருக்கும். சாமுவேல் என்னை நேரே ஸ்டோர் அடுப்பின் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தார். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, புகையில் சிவந்த கண்கள், எவ்வளவு தேய்த்தாலும் கரி போகாத கைகள். ஸ்டோர் என்பது சன்னல் இல்லாத ஒரு பெரிய அறை. வெளியே வாயுள்ள அடுப்பில் விறகு எரிய, சூடு குழாய் வழியாக அறைக்குள் ஓடுகிறது. உள்ளே தட்டுத் தட்டாகப் பச்சை ஏலக்காய். எஸ்தர் கட்டஞ்சாயா கொண்டுவந்தாள். பால் இல்லாத டீக்கு அங்கே அந்தப் பெயர். பதினேழு வயதுப் பெண், அதிகம் பேசவில்லை. "ஐயா, அப்பாகிட்டப் பேசுங்க" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பேசினேன். ஏலக்காயையே உவமையாக எடுத்துக்கொண்டேன். தோல் வெடித்த காயானாலும் உள்ளே விதை மணக்கத்தானே செய்கிறது என்று ஆரம்பித்தேன். சாமுவேல் விறகைத் தள்ளிவிட்டபடி, "கோவிச்சுக்காதீங்க ஐயா, வர்ற ஐயமாரு எல்லாரும் ஏலக்காயத்தான் சொல்றாங்க" என்றார். எனக்கு மூஞ்சி சுண்டிவிட்டது.

பிறகு அவராகவே சொன்னார், எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை. எதிரில் இருந்தவன் மழையில் நனைந்த கோழியாக இருந்ததால் சொல்லத் துணிந்தாரோ என்னவோ. அவரும் தாவீது என்ற இன்னொருவரும் சேர்ந்து அந்த ஸ்டோரைப் பார்த்தார்களாம். சாமுவேலின் மனைவி இறந்து இருபது நாள். அடுப்பு முன்னால் இவர் கண்ணயர்ந்துவிட்டார். தீ ஏறி, தட்டுகளோடு காய் கருகிப்போயிற்று. அப்போது முதலாளியின் தகப்பனார் காலம். யார் தூங்கினது என்று அவர் கேட்டபோது, இவர் வாயைத் திறப்பதற்குள் தாவீது, "நான்தான்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே கொட்டும் மழையில் தாவீதைப் பெண்டாட்டியோடு மலையை விட்டு இறக்கிவிட்டார்கள்.

"நான் தாயில்லாப் பிள்ளைய வச்சுக்கிட்டு நிக்கிறேன்னுதான் அவன் அப்படிச் சொன்னான் ஐயா. நான் சும்மா நின்னேன். அவன் எடத்துல நான் உக்காந்து சோறு திங்கிறேன். இந்த வாயில எப்படி அப்பம் வாங்குறது?"

தேடிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "தேடல. பயம்" என்றார். பன்னிரண்டு பக்கத்தில் எந்தப் பக்கத்தையும் எனக்கு எடுக்கத் தோன்றவில்லை. நீ ஒன்றுக்கும் ஆகாதவன் என்று சொல்ல நான் மலையேறி வந்தால், இந்த மனுஷன் அதை என்னைவிட நன்றாகப் படித்துவைத்திருக்கிறார்.

சாமுவேல் விறகு எடுக்கக் காட்டோரம் போனார். இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு அங்கி வேண்டும். மழையில் எங்கே காயும்? கண்ணெதிரே கதகதவென்று ஓர் அறை சும்மா கிடக்கிறது. கதவைத் திறந்து, உள்ளே ஓர் ஆணியில் அங்கியைத் தொங்கவிட்டேன். சூட்டில் கருகிவிடப் போகிறதே என்று புத்திசாலித்தனமாகக் கதவை ஒரு முழம் திறந்தும் வைத்தேன். பிறகு எஸ்தர் சாப்பிடக் கூப்பிட்டாள்.

கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கும், சம்மந்தி என்று அங்கே சொல்கிற காந்தாரி மிளகாய்த் துவையலும். முதல் வாயில் கண்ணில் தண்ணீர், இரண்டாம் வாயில் காதில் புகை, மூன்றாம் வாயிலிருந்து நிறுத்த முடியவில்லை. தின்று முடித்துக் கதை பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அங்கி சாமுவேல் வீட்டுத் தாழ்வாரத்துக் கொடியில் தொங்கியது. யாரோ நல்ல மனசோடு எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு படுத்தேன். வழிநடந்த அலுப்பில் நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஜீப்பில் முதலாளி வந்து சேர்ந்தார். அப்போதுதான் ஸ்டோரிலிருந்து தட்டுகளை வெளியே எடுத்தார்கள். நானும் வேடிக்கை பார்க்க நின்றேன். உள்பக்கத்துத் தட்டுகளில் காய் கிளிப் பச்சை. கதவுப் பக்கத்துத் தட்டுகள் எல்லாம் பழுத்த வேப்பிலை நிறம். முதலாளி ஒரு கை அள்ளிப் பார்த்தார், அவர் முகம் மாறிற்று. அடுப்புப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டால், காய் காய்கிற வரை அந்தக் கதவைச் சொந்தப் பிள்ளை உள்ளே அழுதாலும் திறக்கமாட்டார்கள் என்பது மலையில் ஒவ்வொருவருக்கும் தெரியும். குளிரும் ஈரமும் பட்டால் நிறம் போய்விடும், நிறம் போனால் காய்க்கு மதிப்பில்லை. எனக்கு மட்டும் அது அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"கதவத் தொறந்தது யாரு?" என்றார் முதலாளி.

நான் தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாளைக்கு ஆராதனை இருக்கிறதே, சபைக்குக் கெட்ட பெயர் வருமே, கொட்டகையைக் கொடுக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று காரணங்கள் வரிசை கட்டி வந்தன. அயோக்கியத்தனத்துக்குக் காரணம் கிடைக்காமல் போனதாகச் சரித்திரமே கிடையாது.

"நான்தான் மொதலாளி" என்றார் சாமுவேல். "காய் பதம் பாக்கத் தொறந்தேன். சாத்த மறந்துட்டேன்."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷம் பார்த்த சோலியில் இப்படி ஒரு பிழையா என்று கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து ஸ்டோர் வேறு ஆள் கையில், இவர் களைவெட்டுக்குப் போக வேண்டும், ஸ்டோர் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. தோட்டத்தில் எங்கேயோ ஒரு சேவல் கூவிற்று. பகல் பத்து மணிக்கு அது ஏன் கூவ வேண்டும்? ஆண்டவரைத் தெரியாது என்று ஒரு சீஷன் சொன்னபோதும் சேவல்தான் கூவிற்று. நான் கீழே குனிந்துகொண்டேன்.

அன்று மத்தியானம் ஆயத்த ஆராதனை. மறுநாள் திருவிருந்து வாங்குகிறவர்கள் வந்து பெயர் கொடுக்கிற வழக்கம். ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். கடைசியில் சாமுவேல் வந்து, "என் பேரையும் எழுதிக்கங்க ஐயா" என்றார். முகத்தில் எட்டு வருஷத்துச் சுமை இறங்கின மாதிரி ஒரு வெளிச்சம். பின்னால் நின்ற எஸ்தரின் முகத்தில் வெளிச்சத்தைக் காணோம்.

அவரைத் தனியே கூட்டிப் போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். விறகோடு திரும்பியபோதே அங்கியைப் பார்த்துவிட்டாராம். எடுத்து வெளியே போட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார், அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

"எனக்காக ஒருத்தன் பழிய ஏத்துக்கிட்டான். இப்ப ஒருத்தருக்காக நான் ஏத்துட்டேன். நேராயிருச்சுல்ல ஐயா? இப்ப எனக்குக் கொஞ்சம் தகுதி வந்துருச்சு" என்றார்.

மனுஷன் தன் செய்கையால் தனக்குத் தகுதி தேடிக்கொள்ள முடியாது என்பதை நான் ஏழாம் பக்கத்தில் வெகு விஸ்தாரமாக எழுதியிருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வாய் ஏது? சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன். சொல்லாவிட்டால் பெரிய ஐயர் முன்னால் வெற்றியோடு போய் நிற்கலாம்: எட்டு வருஷம் வராத ஆளை வரவைத்தேன் என்று. உண்மையைச் சொல்கிறேன், அன்று சாயங்காலம் வரை நான் இரண்டாவதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் போட்ட கஞ்சியும் சுட்ட கருவாடும்கூட உள்ளே இறங்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எஸ்தர் அங்கியை இஸ்திரி போட்டு மடித்துக் கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். "ரெண்டு தடவ சோப்புப் போட்டுத் தொவச்சுட்டேன் ஐயா. ஏலக்கா வாசம் போகல" என்றாள். அவ்வளவுதான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் வாங்கிப் போட்டுக்கொண்டேன். கையைத் தூக்கினால் மணந்தது, திரும்பினால் மணந்தது. கல்யாண வீட்டுப் பாயச அண்டாவுக்குள் விழுந்து எழுந்தவன் மாதிரி கொட்டகைக்கு நடந்தேன்.

தரையில் சாக்கு விரித்து முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் ஓரம் ஒரு ஸ்டூலில் முதலாளி. பாட்டு கேட்க அவருக்குப் பிடிக்குமாம், எந்தச் சாமிக்குப் பாடினால் என்ன என்பார். பாட்டு முடிந்தது. எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை செய்கிற இடம் வந்தது. வாரா வாரம் வாயால் ஓட்டுகிற வார்த்தைகள். முதல் வரியைத் தொடங்கினேன், தொண்டைக்குள் ஏலக்காய் வாசம் ஏறிற்று, நின்றுவிட்டேன்.

"கதவைத் திறந்தது நான்தான்" என்றேன். "அங்கி காய வேண்டும் என்று திறந்தேன். நேற்று கேட்டபோது பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். சாமுவேல் அண்ணன் எனக்காகப் பொய் சொன்னார்."

முதலாளி எழுந்தார். ஆராதனை நடுவில் என்பதற்காகவெல்லாம் அவர் குறைத்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது படித்த மனுஷனுக்குத் தெரியாதா, அங்கி காய அடுப்பங்கரை இல்லையா, ஊருக்கு நியாயம் சொல்ல வந்தவர் இப்படியா என்று நன்றாகக் கொடுத்தார். முப்பது பேர் முன்னால் அங்கியோடு நின்று வாங்கிக்கொண்டேன். கடைசியில், "தொறக்கக் கூடாத கதவத் தொறந்தீரு. தொறக்க வேண்டிய வாயத் தொறக்கல" என்றார். நான் கேட்டதிலேயே சுருக்கமான பிரசங்கம் அதுதான்.

பிறகு சாமுவேல் பக்கம் திரும்பி, ஸ்டோர் சாவியை நீயே வைத்துக்கொள் என்றார். சாமுவேல் சந்தோஷப்படவில்லை. எழுந்து நின்றார். அவர் முகத்தில் நேற்று வந்த வெளிச்சம் அணைந்துபோயிருந்தது.

"என் கையில இருந்த ஒன்னயும் புடுங்கிட்டீங்களே ஐயா" என்றார். "நான் அடுப்பப் பாக்கணும்."

"இன்னைக்கு அடுப்பே போடலியேப்பா, எங்க போற?" என்றார் முதலாளி.

சாமுவேலுக்குப் போக இடமில்லை. நின்ற இடத்திலேயே எட்டு வருஷத்துக் கதையை எல்லார் முன்னாலும் சொன்னார். எஸ்தர் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முதலாளி தலையைச் சொறிந்துகொண்டார். "எங்கய்யா காலத்துச் சமாச்சாரம். கீழ தேவாரம் ஊருல யான வெரட்டுற காவலுக்கு ஒரு வேதக்காரரு இருக்காருன்னு கேள்வி. பேரு தாவீதுதான்னு சொன்னாங்க" என்றார். எட்டு வருஷம் மலையடிவாரத்திலேயே இருந்திருக்கிறார்.

நான் சாமுவேலிடம் போனேன். "அண்ணே, என் கையிலயும் ஒன்னும் இல்ல. நேத்து நீங்க காப்பாத்தலேன்னா நான் இந்த அங்கியப் போட்டிருக்க முடியாது. ஒன்னும் இல்லாதவங்களுக்குத்தான் இந்த விருந்து. இருக்கிறவன் வீட்டுல சாப்பிட்டுக்குவான்" என்றேன். அது பன்னிரண்டு பக்கத்தில் எங்கேயும் இல்லாத வரி.

கொடுக்கிறவன் முதலில் தான் வாங்க வேண்டும் என்பது சபையின் முறை. அதை ஒரு கௌரவமாகவே அதுவரை நினைத்திருந்தேன். அன்று முதல் குற்றவாளியாக முழங்கால் போட்டு வாங்கினேன். எழுந்து திரும்பினால் முதல் வரிசையில் இரண்டு ஜோடிக் கைகள், இடக்கையின் மேல் வலக்கை வைத்து ஏந்தியபடி. எஸ்தரின் கைகளில் காய் பறித்த கறை. பக்கத்தில் கரி போகாத கைகள். அப்பத்தை வைத்தேன். சாமுவேல் அதை வாயில் போடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எஸ்தர் முழங்கையால் அவரை மெல்ல இடித்தாள். பிறகு சாப்பிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பிரசங்கம் செய்யவில்லை. காகிதம் ஒட்டிக்கொண்டு அப்பளக் கட்டு மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். மத்தியானம் முதலாளி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார். நிறம் போன காயில் ஒரு கை அள்ளிக் கொடுத்து, "பாயசத்துக்கு ஆகும், வீட்டுக்குக் கொண்டு போங்க. காரணமும் சொல்லிக் குடுங்க" என்றார்.

திங்கட்கிழமை கழுதைகளோடு இறங்கி, ஒரு மாட்டு வண்டியில் தொற்றிக்கொண்டு தேவாரத்துக்குப் போனேன். மலையடியில் சோளக்காடு. காட்டின் நடுவில் பரண். அதன் மேல் ஒரு மனுஷன் தகர டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யானை வந்தால் தட்டுவதற்கு. கூப்பிட்டேன். இறங்கி வந்தார். சாமுவேலைவிடக் குட்டை, பல் தெரியச் சிரிக்கிற முகம். அங்கி இருந்த பை பக்கம் மூக்கை நீட்டினார்.

"எந்தப் பய இத அடுப்புப் போட்ட ஸ்டோருக்குள்ள காயப்போட்டது?" என்றார்.

நான்தான் என்றேன். இப்போதெல்லாம் அது எனக்குச் சுலபமாக வந்தது. தாவீது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பணியாரம் வாங்கிவரச் சொல்லி வைத்திருந்ததில் எனக்கும் நாலு கொடுத்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். சாமுவேல் எட்டு வருஷம் திருவிருந்து வாங்காமல் இருந்ததைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"எட்டு வருசமாவா? இன்னுமா அதத் தூக்கிக்கிட்டுத் திரியிறான்?" என்றார். "நான் அன்னைக்கே குடுத்துட்டேன் ஐயா. பெஞ்சாதி செத்த வீடு, தாயில்லாப் புள்ள. குடுத்துட்டு மறந்தும் போனேன். நான் குடுத்தத அவன் இன்னும் வாங்காமயே வச்சிருக்கான் பாருங்க."

கோபமே இல்லையா என்று கேட்டேன். மழையில் இறங்கினபோது இருந்தது, முந்தலுக்கு வந்து சூடாக ஒரு டீ குடித்ததும் போய்விட்டது என்றார். மலையில் அவருக்கு மறுபடியும் இடம் உண்டு என்று முதலாளி சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். யானைகளைப் பிரிய மனசில்லை, ஆனால் சாமுவேலைப் பார்க்க ஒரு நாள் வருகிறேன் என்றார்.

தாவீதுக்கு எழுதத் தெரியாது. என் பையிலிருந்து பிரசங்கத்தின் ஏழாம் பக்கத்தை உரித்து எடுத்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சாமுவேலுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். பெரிதாக ஏதாவது சொல்வார் என்று பென்சிலைக் கூராக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவர் மலைப் பக்கம் பார்த்து யோசித்தார்.

"அடுப்பப் பாத்துக்கிடச் சொல்லுங்க" என்றார். "அலுப்பா இருந்தா வெரசா ஆள் அனுப்பச் சொல்லுங்க. நான் வந்து முழிச்சிருக்கேன்."